தகரக் கூரைக்கு அடியில் ஓர் அங்குல நுரை

போன ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்குக் கருப்பன் தன் கூண்டுக்குள்ளேயே, கூரைக்கு நேர் கீழே, கால்களை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான். பதினொரு வயது நாய். மூன்று வருடமாக அந்த நேரத்தில் அவன் படுக்கிற இடம் குழாயடி ஈரச் சிமெண்டுத் தரைதான். நாக்கு தொங்க, விலா ஏறி இறங்க, மாலை ஐந்து வரை அங்கேயே கிடப்பான். அவன் கூண்டுக்குள் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். கூண்டுகளின் தகரக் கூரைக்கு அடியில் சூட்டைத் தடுக்கும் பாலியூரித்தேன் நுரை (ஸ்பிரே ஃபோம்) அடித்த வேலை முடிந்து ஏழு வாரம் ஆகிறது. மழையும் வெயிலும் மாறி மாறி அடித்த பிறகு கூரை எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் எழுத மனம் வரவில்லை.

கருப்பன் இருப்பது சிங்கப்பூரில் லிம் சூ காங் பக்கம் குத்தகை நிலத்தில் இருக்கும் சின்ன விலங்குக் காப்பகம். வார இறுதியில் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து 975 பேருந்து பிடித்துப் போகும் தொண்டூழியர்களில் நானும் ஒருத்தி. பெரும்பாலும் 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று செல்லமாகச் சொல்கிறோமே, அந்தக் கலப்பின நாய்கள்தான். கூண்டு வரிசைகள் இடுப்புயரம் செங்கல், அதற்கு மேல் கம்பிவலை, அதற்கும் மேல் நெளிதகரம். 2023 மே 13 சனிக்கிழமை அங் மோ கியோவில் 37.0 டிகிரி பதிவானது பலருக்கு நினைவிருக்கும். 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான உச்சத்தை 40 ஆண்டு கழித்து அது தொட்டது. தெங்கா எங்களுக்கு எட்டிப் பார்க்கிற தூரம். அன்று வாளி வாளியாக ஐஸ் தண்ணீர் தூக்கி, ஈரத் துணியால் நாய்களைத் துடைத்துக்கொண்டே இருந்தோம். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்த்துக் குளிராது. இரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் அதுவும் சரியாக நடக்காது. அதன் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இடையில் இருப்பது இரண்டே டிகிரி என்ற கணக்கு அன்று முதல் என் மண்டையை விட்டுப் போகவில்லை.

காப்பகத்தை நடத்தும் ஆன்டியிடம் ஒரே ஒரு வரிசைக்கு முயன்று பார்க்க அனுமதி கேட்டேன். ஆறு கூண்டு, 5.4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். கூரை தாழ்ந்த பக்கம் 2.4 மீட்டர், உயர்ந்த பக்கம் 2.9.

முதலில் அளவெடுப்பதிலேயே தவறினேன். 39 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு அகச்சிவப்பு வெப்பமானி வாங்கி, மதியம் கூரையின் அடிப்பக்கத்தை நோக்கிப் பிடித்தால் 41 டிகிரி காட்டியது. ஏணியில் ஏறிக் கையை வைத்தால் ஒரு விநாடி வைக்க முடியவில்லை. பளபளக்கும் துத்தநாகப் பூச்சு அந்தக் கருவியை ஏமாற்றிவிடும்; தகரத்தின் சொந்தச் சூட்டைவிடச் சுற்றியிருப்பவற்றின் பிரதிபலிப்பைத்தான் அது அதிகம் படிக்கும். ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அரை மணி நேரம் விட்டு, டேப்பின் மீது அளந்தேன். 59 டிகிரி. டேப் ஒட்டாமல் 'முன்', நுரையின் மீது 'பின்' என்று அளந்திருந்தால் இந்த வேலையால் பெரிய பலனில்லை என்று முடிவுகட்டி விட்டிருப்பேன். அளக்கப் போகிறவர்கள் மூன்று நான்கு இடத்தில் டேப் ஒட்டிவிட்டு அளங்கள். அதே நேரத்தில் வெளியே நிழலில் 32.5, கூண்டுக்குள் நாய் படுக்கும் உயரத்தில் 36.4.

அடுத்த தவறு பெரியது. இணையத்தில் நாய் வீடுகளுக்கு நுரை அடிக்கும் காணொளிகள் ஏராளம். பார்த்ததில் முக்கால்வாசி பனி பெய்யும் ஊர்களில் எடுத்தவை. அங்கே வேலை உள்ளே இருக்கும் சூட்டைக் காப்பது. அதனால் சந்து பொந்தெல்லாம் அடைப்பார்கள். அதை அப்படியே நம்பி, ஜாலான் புசார் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் கதவு ஜன்னல் இடுக்கு அடைக்கும் 750 மில்லி நுரை டப்பா ஆறு வாங்கினேன், ஒன்று 14 வெள்ளி. இரண்டு டப்பாவைச் சுவரின் அடியில் இருந்த வெடிப்புகளுக்கும் கதவு நிலை ஓரங்களுக்கும் அடித்தேன். மீதி நான்கைக் கூரையில் சோதனையாக அடித்தேன்.

கூரையில் அடித்தது மூன்றாம் நாள் பாய் மாதிரி மொத்தமாகக் கழன்று தொங்கியது. காலை ஏழரைக்கு, தகரத்தின் அடியில் பனித்துளி காயாத நேரத்தில், துடைக்காமல் அடித்த பலன். ஒட்டியிருந்த இடத்திலும் புழு புழுவாக வரிகள், நடுவே வெறும் தகரம். இந்த ஒற்றைக் கூறு நுரை காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். கனமாக அடித்தால் உள்ளே பிசின் மாதிரி நின்றுவிடும். இடுக்குக்குத்தான் அது, பரப்புக்கு அல்ல.

சுவரில் அடித்ததுதான் என்னை உலுக்கியது. பிஸ்கட் என்ற எட்டு மாதக் குட்டி கதவு நிலையிலிருந்து நுரையைப் பிய்த்துத் தின்றுவிட்டான். திங்கள் காலை ஆன்டி படம் அனுப்பினார்: தரையெங்கும் மஞ்சள் துணுக்கு, பக்கத்தில் வாந்தி. வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு ஓடினேன். கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, ஒரு நாள் கண்காணிப்பில் வைத்தார். இறுகிய நுரை என்பதால் வயிற்றுக்குள் மேலும் உப்பாது, ஆனால் குடலை அடைக்கலாம். இறுகாத ஈர நுரையை நக்கியிருந்தால் உள்ளே போய் உப்பிக் கல் மாதிரி ஆகியிருக்கும், அறுவைச் சிகிச்சை வரை போயிருக்கும் என்றார். இரண்டு நாளில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அந்த 340 வெள்ளி ரசீதை நான் இன்னும் பணப்பையில் வைத்திருக்கிறேன். அன்று மாலையே கதவு நிலையில் இருந்த நுரை முழுவதையும் கத்தியால் சுரண்டி எடுத்தேன். சுவரடி வெடிப்பில் அடித்ததை எடுக்க வேண்டிய அவசியம் குறைவாகவே இருந்தது. அதற்குள் எலி குடைந்து வழி போட்டிருந்தது. அங்கே இப்போது 6 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பிவலை, மேலே சிமெண்டுக் கலவை.

அத்தோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்பாவின் நண்பர் ஒருவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், செம்பவாங் கப்பல் பட்டறையில் குளிர்பதனக் குழாய்களுக்கும் தொட்டிகளுக்கும் காப்புறை போடும் வேலையில் நெடுங்காலம் இருந்தவர். தேக்காவில் தேநீர் குடிக்கும்போது பேச்சு வந்தது. முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "பொருள் தப்பில்லம்மா, இடம் தப்பு. நாய் வாய் எட்டாத இடத்துல அடி. அடிச்சதை மூடு. நாத்தமும் வெக்கையும் வெளிய போற வழிய மட்டும் அடைக்காத" என்றார். மறு ஞாயிறு பையில் பழைய முகக்கவசத்தோடு பேருந்து நிறுத்தத்தில் எனக்கு முன்னால் வந்து நின்றார்.

வந்ததும் அவர் செய்த முதல் வேலை, கழன்று விழுந்த நுரைத்துண்டு ஒன்றை வெட்டவெளிச் சிமெண்டுத் தரையில் வைத்துத் தீக்குச்சி கிழித்தது. எங்களைப் புகை வராதபடி, காற்று வரும் பக்கம் நிற்கச் சொன்னார். சில விநாடியில் பற்றி, கன்னங்கரேல் என்று புகை எழும்பியது. பாலியூரித்தேன் எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். நெருப்பு வந்து சேருமுன் புகை கொன்றுவிடும். பூட்டிய கூண்டுக்குள் இருக்கும் உயிர்கள் ஓடவும் முடியாது. நுரையைத் திறந்தபடி விடுவதில்லை, அடியில் எரியாத பலகை போட்ட பிறகுதான் நாய்களை உள்ளே விடுவது என்று அப்போதே முடிவாயிற்று. கூரையோடு ஒட்டி ஓடிய மின்கம்பிக் குழாயையும் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சுவருக்கு இறக்கினோம். நுரைக்குள் புதைந்த கம்பிக்குச் சூட்டைக் கடத்த வழி கிடையாது.

கூரையைத் தயார் செய்ய மூன்று ஞாயிறு பிடித்தது. மொத்த வேலையில் பாதிக்கு மேல் இதுதான். இதில்தான் நான் முதல் முறை கோட்டை விட்டேன். ஒருவர் மேலே குழாயால் தண்ணீர் அடிக்க, ஒருவர் கீழே சாக்பீஸோடு நின்று சொட்டும் இடத்தைக் குறிக்க வேண்டும். 31 திருகாணிகளின் ரப்பர் வாஷர் நைந்து போயிருந்தது, எல்லாவற்றையும் மாற்றினோம். ஒழுகும் கூரைக்கு நுரை அடித்தால் ஒழுக்கு நிற்பது போலத் தெரியும். உண்மையில் தண்ணீர் நுரைக்கும் தகரத்துக்கும் நடுவே தங்கித் தகரத்தைத் தின்னும். கண்ணுக்கே தெரியாது. பிறகு கம்பித் தூரிகையால் வெண்துருவைத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவத்தால் கழுவி, அலசி, இரண்டு நாள் மின்விசிறி வைத்துக் காயவிட்டோம். மாமாவின் சோதனை எளிது: டேப் ஒட்டிச் சுண்டி இழுக்க வேண்டும், டேப்பில் வெள்ளைப் பொடி ஒட்டி வந்தால் இன்னும் தேய்க்க வேண்டும்.

இந்த முறை வாங்கியது இரட்டைக் கூறு நுரை. இரண்டு உருளை, ஒன்றில் ஐசோசயனேட், மற்றதில் பாலியால், இரண்டும் துப்பாக்கி முனையில் கலந்து வரும். மூடிய கண்ணறை வகை, அதாவது உள்ளே இருக்கும் குமிழ்கள் ஒன்றோடொன்று திறக்காமல் தனித்தனியே மூடியிருப்பது. ஒரு பெட்டி 590 வெள்ளி, ஓர் அங்குலக் கனத்தில் 200 சதுர அடி அடிக்கலாம் என்று போட்டிருந்தது. எங்கள் கூரை தட்டையாக 16.2 சதுர மீட்டர். நெளிவைச் சேர்த்தால் ஏறக்குறைய 18.6, அதாவது சரியாக 200 சதுர அடி. ஒன்றே போதும் என்று ஒன்றுதான் வாங்கினேன். மாமா இரண்டு வாங்கச் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும்.

பாதுகாப்பில் அவர் ஒரு துளியும் விட்டுக்கொடுக்கவில்லை. ஐசோசயனேட் நுரையீரலில் ஒவ்வாமையை உண்டாக்கிவிடும் பொருள். ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும். கரிம ஆவியையும் துகளையும் பிடிக்கும் வடிகட்டி பொருத்திய முகக்கவசம் ஆளுக்கு ஒன்று, 68 வெள்ளி. மருந்தகத்தில் விற்கும் முகமூடி இதற்கு ஆகாது. கண் முழுதும் மூடும் கண்ணாடி, தலைவரை மூடும் ஒருமுறை உடை, நைட்ரைல் கையுறை. ஆறு நாய்களையும் அடுத்த வரிசைக்கு மாற்றி, தண்ணீர்க் கிண்ணம், படுக்கை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, தரையையும் சுவரையும் பிளாஸ்டிக் விரிப்பால் மூடினோம். தோலில் பட்டு இறுகினால் எதனாலும் போகாது, தோலோடு தேய்ந்துதான் போகும். என் இடது மணிக்கட்டில் ஒரு பொட்டு ஒன்பது நாள் இருந்தது.

நேரம் முக்கியம். காலை ஒன்பதரைக்குத் தொடங்கினோம். அதற்கு முன் தகரத்தில் ஈரம் இருக்கும். பதினொன்றரைக்கு மேல் தகரம் கொதிக்கும், நுரை பரவி ஒட்டுவதற்குள் பொங்கிச் சுருங்கிவிடும். குளிர்நாட்டில் உருளையைச் சூடாக்க வெந்நீர்த் தொட்டி வைப்பார்கள்; நமக்கு நிழலும் ஈரமில்லாத தரையும் போதும். முதல் துப்பல் எப்போதும் குப்பைப் பைக்குள்தான். நிறமும் உப்பலும் சீரானதும் கூரைக்குப் போக வேண்டும். முனையைத் தகரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் பிடித்து, கை நிற்காமல் ஆட்டி, முதலில் மெல்லிய ஒரு பூச்சு, அது தொட்டால் ஒட்டாத பக்குவம் வந்ததும் இரண்டாவது. ஒரேயடியாகக் கனமாக அடித்தால் உள்ளே சூடேறிக் கருகும், புகைந்து பற்றிய நிகழ்வும் உண்டு என்று மாமா சொன்னார். கனத்தைப் பார்க்க 25 மில்லிமீட்டரில் சிவப்புக் கோடு போட்ட கம்பியைக் குத்திப் பார்ப்போம். விசையை அரை நிமிடம் விட்டாலே முனைக்குள் நுரை இறுகிவிடும், மாற்று முனை போட வேண்டும். பெட்டியோடு பத்து முனைதான் வந்தது. ஏணியை நகர்த்துவதற்கு மட்டும் நான்கு முனை பறிபோயிற்று. சக்கரம் வைத்த சாரம் வாடகைக்கு எடுத்திருந்தால் அந்த முனைகளும் மிஞ்சியிருக்கும், என் தோள்பட்டையும் வலித்திருக்காது.

வடகிழக்கு மூலையில் அடித்தது பஞ்சு மாதிரி மெத்தென்று, மீன்வாடையோடு இருந்தது. ஓர் உருளையின் வால்வு முழுதாகத் திறக்கவில்லை, பாலியால் அதிகமாகிவிட்டது. அதை விட்டுவைத்தால் அந்த வாடை மாதக்கணக்கில் போகாது என்று சொல்லி, சுமார் அரைச் சதுர மீட்டரைக் கத்தியால் அறுத்தெடுத்து மறுபடி அடிக்கச் சொன்னார். பெட்டி தீர்ந்தபோது 13 சதுர மீட்டர் கூடத் தாண்டவில்லை. இரண்டாவது பெட்டிக்கு இன்னொரு 590. மிஞ்சியதை நீண்ட நாள் வைத்திருக்க முடியாது என்பதால் தாழ்ந்த பக்கத்தில், சூடு அதிகம் தெரிந்த இடத்தில், 40 மில்லிமீட்டர் வரை கனம் கூட்டினோம்.

ஒரு நாள் போதும் என்றுதான் பெட்டியில் போட்டிருந்தது. நாயின் மூக்குக்கு நம் கணக்கு பொருந்தாது என்று மின்விசிறி ஓடவிட்டு நான்கு இரவு காத்தோம்.

அடுத்த வாரம் நுரையை மூடும் எரியாத பலகை: 6 மில்லிமீட்டர் கால்சியம் சிலிக்கேட், 1.22-க்கு 2.44 மீட்டர், ஆறு பலகை, ஒன்று 24 வெள்ளி. ஒவ்வொன்றும் 20 கிலோவுக்கு மேல். டி எழுத்து வடிவில் மரச்சட்டத்தில் இரண்டு முட்டு செய்து, ஒருவர் முட்டுக் கொடுக்க ஒருவர் திருகினோம். இங்கே கடைசித் தவறு. அழகாக இருக்கட்டும் என்று பலகையைச் சுவர் விளிம்பு வரை இழுத்து முடித்தேன். கூரைக்கும் வலைக்கும் நடுவே காற்று போகும் சந்து அடைபட்டது. மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்ததும் மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. பிற்பகலில் வெளியே ஈரப்பதம் 62 விழுக்காடு, உள்ளே 74. சூடு குறைந்திருந்தும் நாய்கள் இரைத்துக்கொண்டிருந்தன. காற்றுப் போகும் வழியை அடைக்காதே என்று மாமா தேக்காவிலேயே சொல்லியிருந்தார், கேட்டிருந்தும் அதையே செய்தேன். இரண்டு பக்கமும் 15 சென்டிமீட்டர் வெட்டித் திறந்து, தெரியும் நுரை விளிம்பை மடித்த துத்தநாகத் தகட்டால் மூடினேன். இரண்டு நாளில் நெடி போய்விட்டது.

இப்போது வெளியே 32.8 இருக்கும் பிற்பகலில் பலகையின் அடிப்பக்கம் 35.1, நாய் படுக்கும் உயரத்தில் 33.6. வெளிக்காற்றைவிடக் குளிர வைக்க நுரையால் ஆகாது. தலைக்கு மேலிருந்து கனன்ற அடுப்பு போய்விட்டது, அவ்வளவே. அந்த அளவுக்கே கருப்பன் உள்ளே வந்து படுக்கிறான். விடியற்காலை தகரத்தில் வியர்த்துச் சொட்டுவதும் நின்றது. நான் எதிர்பாராத பலன் ஒன்றும் உண்டு. ஆண்டில் கிட்டத்தட்டப் பாதி நாள் இடி கேட்கும் ஊர் இது. மழை பெய்தால் தகரம் பறை அடிப்பது போல அதிரும். அந்த வரிசையில் ஒரு பெட்டை நாய் நடுங்கிக் கூண்டுக் கம்பியைக் கடித்து ஈறு கிழித்துக்கொள்வாள். சுமத்ராவிலிருந்து வந்த அதிகாலைப் புயல்மழை ஒன்றில் அவள் எழுந்து நின்றாள், சுற்றிப் பார்த்தாள், திரும்பப் படுத்துவிட்டாள். காப்பகத்திலேயே தங்கும் தொண்டூழியர் அதைப் படம்பிடித்து அனுப்பினார். பத்து முறையாவது பார்த்திருப்பேன்.

செலவு, மருத்துவரின் ரசீதைச் சேர்க்காமல், 1,963 வெள்ளி. இரண்டு நுரைப் பெட்டி 1,180, வீணாய்ப் போன டப்பாக்கள் 84, முகக்கவசம் 136, பலகை 144, இரும்புச் சட்டமும் திருகாணியும் 165. மீதி லாரி வாடகை, உடை, விரிப்பு, சில்லறை. மின்பணியாளர் காசு வாங்கவில்லை. ஒரு நாயைத் தத்தெடுத்துப் போனார்.

மறுபடி செய்தால் வரிசையை மாற்றுவேன். முதலில் கூரையின் மேற்பக்கத்துக்கு வெயிலைப் பிரதிபலிக்கும் வெள்ளைச் சாயம். தெம்பனிசில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) கட்டடங்களுக்கு அப்படிப்பட்ட சாயம் பூசிப் பார்க்கும் திட்டம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. அதில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்த பிறகுதான் நுரையின் கனத்தை முடிவு செய்வேன். புதிதாகக் கூரை போடுகிறவர்களுக்கு நுரையே வேண்டாம், நடுவில் பாறைக் கம்பளி (ராக்வூல்) வைத்துத் தொழிற்சாலையிலேயே தயாராகி வரும் பேனல் எரியவும் எரியாது, அடிக்கவும் வேண்டாம். இருக்கிற பழைய கூரையைக் கழற்ற முடியாதவர்களுக்குத்தான் இந்த வழி. நாய் எழும்பி நின்றால் எட்டும் உயரத்தில், அதாவது இரண்டு மீட்டருக்குக் கீழே, எந்த நுரையும் கிடையாது.

அடுத்தது பூனை அறை. பூனை எங்கும் ஏறும், நகத்தால் கீறும் என்பதால் பலகை இணைப்புகளை எப்படி மூடுவது என்று மாமா காகிதத்தில் வரைந்து கொடுத்திருக்கிறார். கறுப்பு டேப் நான்கு இடத்தில் ஒட்டியாயிற்று. நேற்று மதியம் 61 டிகிரி. வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தண்ணீர் அடித்து ஒழுக்குப் பார்க்கிறோம். சாக்பீஸ் என்னிடம் இருக்கிறது.